முதுகுல சொடக்கு எடுக்கப் போயி நெஞ்சுல ஸ்டென்ட் வச்சுட்டு வந்த கதை

ஐப்பசி பொறந்துட்டா எனக்கு வேலை பாதியா கொறஞ்சிடும். மேகம் கட்டுனா கருவாடு காயாது, காயாத கருவாட்டுல புழு வச்சிரும், அதனால இந்த ரெண்டு மூணு மாசம் பழைய சரக்க வச்சு ஓட்டிக்கிட்டு வீட்டுலதான் கெடப்பேன். சும்மா கெடக்குற நேரத்துல இத எழுதிப்புடலாம்னு உக்காந்துட்டேன். எனக்கு வயசு 44, மண்டபம் பக்கம் கருவாட்டு யாவாரம், நெத்திலி, சூடை, வாளைன்னு கரையில வாங்கி காயவச்சு உச்சிப்புளி, ராமநாதபுரம், பரமக்குடி சந்தைக்கு குடுக்குறது. போன தையில ஆரம்பிச்சு சித்திரைக்குள்ள நான் பட்டத யாராவது ஒருத்தன் முன்னாடியே சொல்லியிருந்தா பாதி தப்பிச்சிருப்பேன். அந்த நேரம் வீட்டுல ஆளும் கெடையாது. மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஒடஞ்சு எம் பொஞ்சாதி தூத்துக்குடில இருந்தா, பையன் கோயம்புத்தூர்ல படிக்கிறான். ஆக்குறதும் திங்கிறதும் வலியில முனகுறதும் எல்லாம் தனியாத்தான்.

தை கடைசியில வலி ஆரம்பிச்சுச்சு. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, முதுகுல, யாரோ கட்டவிரல வச்சு அழுத்துற மாதிரி. நெஞ்சுல ஒண்ணுமே இல்ல, இத நல்லா கவனிங்க, நெஞ்சுல ஒரு பொட்டு வலி கூட இல்ல. கருவாட்டு சிப்பத்த தோள்ல தூக்கிட்டு மினி லாரியில ஏத்தும்போது வரும், நாலு சிப்பம் ஏத்திட்டு கட்டையில உக்காந்தா ரெண்டு மூணு நிமிசத்துல போயிடும். சிப்பம் தூக்குறவனுக்கு முதுகு வலிக்காம வேற யாருக்கு வலிக்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன். இப்பதான் புரியுது, தசப் பிடிப்பா இருந்தா திரும்பும்போது குனியும்போது வலிக்கும், விரல வச்சு அமுக்குனா அந்த எடம் வலிக்கும். எனக்கு எங்க அமுக்குனாலும் வலிக்கல. வேகமா நடந்தா வந்துச்சு, நின்னா போச்சு. கை வீசி சும்மா நடக்கும்போது கூட ஒருநாள் வந்துச்சு, சிப்பமும் இல்ல ஒண்ணும் இல்ல, அன்னிக்காவது ஒறச்சிருக்கணும். இதயத்துல இருந்து வர்ற வலி எல்லாருக்கும் இப்படியே வரும்னு சொல்லல, சில பேருக்கு தாடை வலி, சில பேருக்கு எடது கை, சர்க்கரை உள்ளவங்களுக்கும் பொம்பளைகளுக்கும் வெறும் களைப்பும் மூச்சு வாங்குறதும் மட்டும் கூட இருக்கலாமாம். ஆனா உழைச்சா வந்து உக்காந்தா போற வலி மேல்வயித்துல இருந்து தாடை வரைக்கும் எங்க வந்தாலும் அத எண்ணெய் போட்டு தேய்க்காதீங்க.

நான் தேய்ச்சேன். மொதல்ல நல்லெண்ணெய், அப்புறம் தைலம், அப்புறம் சுளுக்கு எடுக்குற ஒரு பெரியவரு வீட்டுக்கு மூணு வெள்ளிக்கெழம போனேன், அவரு வாய்வு எறங்கி நிக்குதுன்னு நீவி விட்டாரு. நடுவுல மருந்துக்கடையில கேட்டு வலி மாத்திரை, டைக்ளோபெனாக், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, கிட்டத்தட்ட ரெண்டு மாசம். இந்த வகை வலி மாத்திரை பிரஷர ஏத்தும், மாரடைப்பு வர்ற வாய்ப்பையும் கூட்டும்னு பின்னாடி டாக்டர் சொன்னப்ப எனக்கு வாயடைச்சுப் போச்சு. சீட்டே இல்லாம மிட்டாய் மாதிரி வாங்குனேன், குடுத்தவரும் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. ஏற்கெனவே பிரஷர் இருக்கவங்க, இதய நோய் இருக்கவங்க இந்த மாத்திரைய டாக்டர்ட்ட கேக்காம தொடவே கூடாது.

அப்புறம் வந்துச்சு போன்ல அந்த வீடியோ. உங்களுக்கும் வந்திருக்கும், ஒரு ஆளக் குப்புறப் படுக்க வச்சு முதுக அழுத்துனா மொறுமொறுன்னு சத்தம் வரும், அந்த ஆளு எந்திரிச்சு பத்து வருச வலி போச்சுன்னு கண்ணீர் விடுவாரு. ராத்திரி தூக்கம் வராம அதையே பாத்துக்கிட்டு கெடந்தேன். மதுரைல ஒரு கைரோ சென்டர், அதாவது முதுகெலும்ப கையால அழுத்தி சொடக்கு எடுக்குற எடம், பேரு வேணாம், போன் பண்ணுனதும் ரொம்ப மரியாதையா பேசுனாங்க. பத்து சிட்டிங் பேக்கேஜ் 15,000 ரூபா, முன்பணமா கட்டணும். கட்டுனேன். ஞாயித்துக்கெழம தோறும் போக நாலு மணி நேரம் வர நாலு மணி நேரம் பஸ்ஸுல. உள்ள போனதும் ஒரு எக்ஸ்ரே, அத வெளக்கு வெளிச்சத்துல காட்டி இங்க பாருங்க சார் உங்க முதுகெலும்பு எப்படி வளைஞ்சிருக்குன்னு காட்டுனாரு, எனக்கு அது வளைஞ்சிருக்கா நேரா இருக்கான்னே தெரியல, தலைய ஆட்டுனேன். ஆறு ஞாயிறு போயிருக்கேன், ஒரு தடவை கூட கையில பிரஷர் பட்டைய கட்டல. வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு அவங்களா கேக்கவும் இல்ல.

நானா சொன்னேன், அதுதான் பெரிய கூத்து. எங்க தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம்னு அரசாங்கத் திட்டத்துல ஒரு அக்கா வருவாங்க, 2021-ல அந்தத் திட்டம் வந்ததுக்கு அப்புறம் அவங்கதான் எனக்கு பிரஷர் இருக்குன்னு கண்டுபிடிச்சு மாசாமாசம் அம்லோடிபின் மாத்திரை வீட்டுலயே கொண்டாந்து குடுப்பாங்க. அத சென்டர்ல சொன்னேன். அதுக்கு அங்க வைத்தியம் பாக்குறவரு, முதுகெலும்பு நேரானா நரம்பு அழுத்தம் போயிடும் சார், மாத்திரைக்கே வேல இருக்காதுன்னாரு. நிறுத்துங்கன்னு வாயால சொல்லல, ஆனா கேக்குற எனக்கு அப்படித்தான் விழுந்துச்சு. நிறுத்திட்டேன். அந்த அக்கா வந்து குடுக்குற மாத்திரைய வாங்கி டிவி பொட்டிக்குப் பின்னாடி சேத்து வச்சேன், ஒண்ணரை மாசத்து அட்டை. அந்த அக்கா முகத்த இன்னைக்கும் நேரா பாக்க வெக்கமா இருக்கு.

இந்த கைரோபிராக்டிக் வைத்தியத்த நான் குத்தம் சொல்ல வரல. பின்னாடி படிச்சுப் பாத்தேன், 1895-ல அமெரிக்காவுல டேவன்போர்ட்ங்குற ஊர்ல டேனியல் டேவிட் பால்மர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. முதுகெலும்ப சரி பண்ணுனதுல ஒருத்தருக்கு காது கேட்டுச்சுன்னுதான் கதையே தொடங்குது. அப்பயிருந்தே எல்லா நோயையும் கொண்டுபோய் முதுகெலும்புல கட்டுற ஒரு கூட்டம் உண்டு, முதுகு கழுத்து வலிய மட்டும் ஒழுங்கா பாக்குற கூட்டமும் உண்டு. அமெரிக்காவுல இதுக்கு வருசக்கணக்கா படிச்சு லைசென்ஸ் வாங்கணும். நம்ம ஊர்ல சின்ன கோர்ஸ் முடிச்சவரும் போர்டு மாட்டியிருக்கலாம், அதனால யாருட்ட போறோம்னு நாமதான் கேட்டுப் பாக்கணும்.

அந்த ரெண்டாவது கூட்டத்து ஆளு ஒருத்தர் ராமநாதபுரத்துலயே இருந்தாரு, அதுக்கு ஏன் மதுரைக்கு அலைஞ்சேன்னு கேக்காதீங்க. பிசியோதெரபி டிகிரி முடிச்சு அதுக்கு மேல கைரோபிராக்டிக் படிச்சவரு, வயசு முப்பத்தஞ்சு இருக்கும், சின்ன ரூமு, ஒரு பெஞ்சு, ஒரு பேன். ஆறு சிட்டிங் முடிஞ்சும் வலி போகலன்னு ஐஸ் கம்பெனியில வேல பாக்குற மச்சான் சொல்லி அங்க போனேன். நான் போனதும் சட்டையக் கழட்டிட்டு பெஞ்சுல ஏறப் போனேன், அவரு உக்காருங்கண்ணேன்னு நாற்காலியக் காட்டுனாரு. அஞ்சு நிமிசம் சும்மா உக்கார வச்சாரு, பேசக்கூட விடல. அப்புறம் பட்டையக் கட்டி பிரஷர் பாத்தாரு, 182க்கு 110. மறுபடி பாத்தாரு, 178. பீடி உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை, அப்பாவுக்கு என்னாச்சுன்னு கேட்டாரு, எங்கப்பா 52 வயசுல கடல்ல வல்லத்துலயே போயிட்டாருன்னு சொன்னேன். வலி எப்பண்ணே வருது, எப்பண்ணே போகுதுன்னாரு. சொன்னேன். பேனாவ மூடி வச்சுட்டு, "அண்ணே, இன்னிக்கு நான் உங்க முதுகுல கை வைக்க மாட்டேன், இது முதுகு மாதிரி தெரியல, நீங்க நேரா பெரியாஸ்பத்திரிக்கு போங்க"ன்னாரு. பீஸும் வாங்கல.

எனக்கு கோவந்தான் வந்துச்சு. நாப்பது கிலோமீட்டர் கிட்ட வந்தா ஒண்ணும் செய்யாம அனுப்புறானே, வேல தெரியாத ஆளு போலன்னு. பெரியாஸ்பத்திரியில கூட்டமா இருக்கும், நாளைக்கு சந்தை வேறன்னு சொல்லி ஒரு லேப்ல 200 ரூபாய்க்கு ஈசிஜி மட்டும் எடுத்தேன். எடுத்த பொண்ணு நார்மலாத்தான் இருக்கு போலன்னு சொல்லுச்சு, அதக் கேட்டதும் ஒரு டீயும் ஒரு பீடியும். சாயங்காலம் என்னைய திருப்பி அனுப்புன அந்த கைரோ தம்பியே போன் பண்ணுனாரு. ஈசிஜி நார்மல்னேன். "வலி இல்லாத நேரத்துல எடுத்தா நார்மலா வரலாம்ணே, அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, ராத்திரி வலி வந்து வேர்த்துச்சுன்னா பைக்க எடுக்காதீங்க, 108 போடுங்க"ன்னு சொன்னாரு. சரி சரின்னு வச்சுட்டேன்.

மறுநாள் விடிகாலை, மணி நாலே முக்கா இருக்கும். பாத்ரூம் போயிட்டு வந்தேன், முதுகுல அதே எடம், ஆனா இந்தத் தடவை உக்காந்தும் போகல. தாடைக்கு ஏறுச்சு, கீழ்ப்பல்லு எல்லாம் கூசுற மாதிரி. பனியன புழிஞ்சா தண்ணி சொட்டும் அப்படி வேர்வை, பேன் ஓடுது. வீட்டுல ஒரு ஆளு இல்ல. பயம்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு, எங்கப்பா ஞாபகம் வேற. பழக்க தோசத்துல கை பைக் சாவியத்தான் எடுத்துச்சு, அந்தத் தம்பி சொன்னது ஞாபகம் வந்து கீழ வச்சேன். கதவத் தெறந்து போட்டுட்டு திண்ணையில உக்காந்து 108-க்கு அடிச்சேன். கதவத் தெறந்து வச்சது நல்லதாப் போச்சு, அவங்க வர்றப்ப எனக்கு எந்திரிக்க முடியல. தனியா இருக்கவங்க இத மட்டுமாவது மனசுல வச்சுக்கங்க.

போற வழியில ஆரம்ப சுகாதார நிலையத்துல நிறுத்தி ஈசிஜி எடுத்தாங்க, இப்ப அதுல மாரடைப்புன்னு தெரிஞ்சுச்சு. அந்த நர்ஸம்மா என் கைய விரிக்கச் சொல்லி மாத்திரையக் கொட்டுனாங்க. வலியிலயும் எண்ணிப் பாத்தேன், யாவாரி புத்தி, பதினாலு மாத்திரை. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் ரெண்டு, க்ளோபிடோக்ரல் நாலு, கொழுப்பு மாத்திரை எட்டு. இதயம் காப்போம் திட்டம்னு 2023-ல இருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இத வச்சிருக்காங்களாம், எனக்குத் தெரியவே தெரியாது. ராமநாதபுரத்துல ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி, மறுநாள் மதுரை, அடைப்பு எங்கன்னு பாக்குற ஆஞ்சியோ, அந்த ரத்தக்குழாய தெறந்து வைக்க ஒரு ஸ்டென்ட். அஞ்சு நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பொஞ்சாதி வந்து அழுதத எல்லாம் எழுத வேணாம்.

காசு கணக்கு சொல்லிடுறேன், ஏன்னா யாரும் இத சொல்றதில்ல. பேக்கேஜ் 15,000, ஆறு தடவை மதுரை போக வர சாப்பாட்டோட 4,200, எக்ஸ்ரே 1,000, சுளுக்கு தைலம் 1,800, மாத்திரை ஊசி ஒரு 1,000. மொத்தம் 23,000 ரூபா, இல்லாத நோய்க்கு. இருந்த நோய்க்கு ஸ்டென்ட் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில போயிடுச்சு, வண்டி, சாப்பாடு, வெளிய எழுதுன டெஸ்ட்டுன்னு கைக்காசு 18,000. பெரிய அடி யாவாரத்துலதான். ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் மீன்பிடி தடை, அப்ப பச்ச மீன் வரத்து கொறைஞ்சு கருவாடு நல்ல வெலைக்குப் போகும், வருசத்துல எனக்கு அதுதான் அறுவடை. சரக்கு கட்டி வச்சிருந்தேன், படுக்கையில கெடந்ததால பாதி வெலைக்கு இன்னொரு யாவாரிட்ட தள்ளிவிட்டேன். அதுல போனது 60,000-க்கு கொறையாது.

இனி அந்தத் தம்பி கதை. ஆடியில இதய டாக்டர்ட்ட கேட்டுக்கிட்டு அவருட்ட திரும்பப் போனேன், நெசமாவே இடுப்புல பிடிப்பு இருந்துச்சு, சிப்பம் தூக்குன இடுப்பு. போனதும் டிஸ்சார்ஜ் சீட்டத்தான் மொதல்ல கேட்டாரு. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை ஓடுறதால சொடக்கு எடுக்குறது, கழுத்தத் திருப்புறது எதுவும் கெடையாதுன்னு சொல்லிட்டாரு. கழுத்த வேகமா திருப்புறதுல மூளைக்குப் போற ரத்தக்குழா கிழிஞ்சு பக்கவாதம் வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா உண்டு, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அந்த ரிஸ்க் எதுக்குண்ணேன்னாரு. அவரு குடுத்தது எளிய பயிற்சி, சிப்பத்த எப்படி முட்டி மடக்கி தூக்கணும்னு காட்டுனது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருதடவை 300 ரூபா, பேக்கேஜ் கெடையாது.

ஆனா அவருட்ட எனக்கு இடுப்ப விட பெரிய ஒதவி வேற கெடைச்சுச்சு. இதய டாக்டர் மூணு மாசத்துக்கு ஒருதடவை, அவரு முன்னாடி அஞ்சு நிமிசம் உக்கார முடியும், வெளிய நாப்பது பேரு நிப்பாங்க. உப்பக் கொறைங்க, பீடிய விடுங்க, நடங்கன்னு சொல்லுவாரு, எப்படின்னு கேக்குறதுக்குள்ள அடுத்த பேரு கூப்பிட்டுருவாங்க. இந்தத் தம்பிட்ட வாராவாரம் அரைமணி நேரம் குப்புறப் படுத்துக் கெடக்கேன், பேசாம வேற என்ன செய்யறது. ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டாரு. போனதும் பிரஷர், அதுக்கு ஒரு முறை வச்சிருக்காரு, டீ பீடி குடிச்சு அரைமணி ஆகியிருக்கணும், ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, முதுகு சாஞ்சு கால் ரெண்டும் தரையில, கை நெஞ்சு ஒசரத்துல. அப்புறம் இந்த வாரம் பீடி எத்தனைன்னு கேட்டு எழுதுவாரு. திட்ட மாட்டாரு, எழுதுவாரு. இருவத்தஞ்சு, பதினெட்டு, பதினொண்ணு, திரும்ப பதினாலு, அந்தப் பதினால நான் சொன்னப்ப என்னாச்சுண்ணேன்னு மட்டும் கேட்டாரு, சரக்கு நனைஞ்சு போச்சு தம்பின்னேன். புரட்டாசி கடைசியில இருந்து சைபர்.

உப்புதான் பெரிய வெவகாரம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு சொல்லுது, ஒரு டீ ஸ்பூன் தல தட்டி அளந்தா அவ்வளவுதான், சமையல் ஊறுகா அப்பளம் எல்லாம் சேத்து. கருவாட்டு யாவாரிட்ட வந்து இத சொன்னா எப்படி இருக்கும். காலைல கஞ்சி, கஞ்சில உப்பு, தொட்டுக்க சுட்ட கருவாடு, பத்தாததுக்கு மாங்கா ஊறுகா. அவரு கருவாட்ட விடுங்கன்னு சொல்லல, சொல்லியிருந்தா நான் ரெண்டாவது வாரமே போயிருக்க மாட்டேன். வாரத்துல ஒருநாள், வெந்நீர்ல ஊறப்போட்டு ரெண்டு தடவை தண்ணிய மாத்தி, கொழம்புல தனி உப்பு போடாம. ஊறப்போட்டாலும் உப்பு முழுசா போகாது, அதையும் சொல்லித்தான் விட்டாரு. கஞ்சிக்கு சின்ன வெங்காயம், மோரு. பச்ச சூடைய பொரிக்காம கொழம்பு வைக்கச் சொன்னாரு, அந்த மீன் கொழுப்பு இதயத்துக்கு நல்லதாம், பொரிச்ச எண்ணெயவே மறுபடி மறுபடி காய்ச்சுறதுதான் கெடுதல். மூணு வாரம் சப்புன்னு இருந்துச்சு, இப்ப பொஞ்சாதி கைமறதியா ஒரு சிட்டிகை கூடப் போட்டா நாக்குக்கே தெரியுது.

நடக்குறது வாரத்துக்கு 150 நிமிசம்னு கணக்கு. மொதநாளே அரைமணி வேணாம், பத்து நிமிசம், பேசிக்கிட்டே நடக்க முடியிற வேகம், தார் ரோட்டுல நடங்க, கடற்கரை மணல்ல இப்ப வேணாம் அது இதயத்துக்கும் இடுப்புக்கும் சுமைன்னாரு. டேப்ப வச்சு இடுப்பு அளந்தாரு, 104 சென்டிமீட்டர், நம்ம ஊரு ஆம்பளைக்கு 90க்குள்ள இருக்கணுமாம், பொம்பளைக்கு 80. இப்ப 97. மாத்திரை விசயத்துல மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கால் வலிக்குது, கொழுப்பு மாத்திரைய விட்டா என்ன தம்பின்னு ஒருதடவை கேட்டேன், "அது டாக்டர் கேள்விண்ணே, நானும் சொல்லக்கூடாது நீங்களும் நிறுத்தக்கூடாது"ன்னு நோட்டுல கால் வலின்னு எழுதி அடுத்த தடவை டாக்டர்ட்ட இத காட்டுங்கன்னாரு. காட்டுனேன், டாக்டரு மாத்திரைய மாத்திக் குடுத்தாரு. மதுரை சென்டர்ல சொன்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கதான் எனக்குப் புரிஞ்சுச்சு.

முதுகு கழுத்து வலிக்கு யாருட்ட போனாலும் சரி, கைரோவோ பிசியோவோ வர்மமோ, மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி பிரஷர் பாக்குறாரா, என்ன மாத்திரை ஓடுதுன்னு கேக்குறாரான்னு பாருங்க. பாக்கலன்னா நீங்களே கேளுங்க, மூஞ்சி சுளிச்சாருன்னா எந்திரிச்சு வந்துருங்க. பத்து சிட்டிங்குக்கு மொத்தமா காசு கேட்டா குடுக்காதீங்க. சென்டர்ல இருந்து வைகாசில எனக்கு போன் வந்துச்சு, சார் நாலு சிட்டிங் பாக்கி இருக்கு எப்ப வர்றீங்கன்னு. ஸ்டென்ட் வச்சிருக்கேன்னேன். அப்படியா சார், அதுக்கும் எங்கள்ட்ட தனி பேக்கேஜ் இருக்குன்னுச்சு அந்தப் பொண்ணு. சிரிச்சுட்டு வச்சுட்டேன்.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. போன மாசம் பெஞ்சுல படுத்தவன் அப்படியே தூங்கிட்டேன், எழுப்புனப்ப தம்பி கொறட்டைய அளந்துக்கிட்டு நிக்கிறாரு. நடுவுல நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுண்ணே, வீட்டுல யாரும் சொல்லலியான்னாரு. சொல்லியிருக்கா, நாந்தான் காதுல வாங்கல. தூக்கத்துல மூச்சு அப்படி நின்னா பிரஷர் கொறையாதாம், டாக்டர்ட்ட சொன்னதுக்கு ஒரு ராத்திரி படுக்க வச்சு எடுக்குற டெஸ்ட்டு எழுதியிருக்காரு. மழ விட்டு நெத்திலி காய ஆரம்பிச்சு கையில காசு வந்ததும் போகணும்.